ஃப்ளூ ஊசி: ஆபீஸ் முகாமா, சொந்த டாக்டரா, மருந்துக்கடையா?

எச்ஆரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கும். இந்தத் தேதி, இந்த மாடி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை ஃப்ளூ தடுப்பூசி முகாம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கவும். இங்கேயே போட்டுக்கொள்வதா, நம்மை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போவதா, மருந்துக்கடையில் முடித்துக்கொள்வதா, இல்லை இந்த வருஷமும் அப்படியே விட்டுவிடுவதா என்று நான்கு வழி இருக்கிறது. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய நோய் எதுவும் இல்லாத, 65 வயதுக்கு உட்பட்ட ஆள் என்றால் ஆபீஸ் முகாமிலேயே போட்டுக்கொள்ளலாம். அங்கே போடும் ஊசி உசத்தி என்பதால் சொல்லவில்லை. வெளியே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்பவர்களில் நிறையப் பேர் கடைசிவரை போட்டுக்கொள்வதே இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2010இல் ஜாமா மருத்துவ இதழில் ஒரு சோதனையின் முடிவு வந்தது. அதில் சேர்த்துக்கொண்ட ஒரு பல்கலைக்கழக ஊழியர்களில் பாதிப் பேருக்கு, "உங்களுக்கு இன்ன தேதி இன்ன மணிக்கு ஃப்ளூ ஊசிக்கு நேரம் ஒதுக்கியாகிவிட்டது, வேண்டாமென்றால் ரத்து செய்துகொள்ளலாம்" என்று செய்தி போனது. மீதிப் பேருக்கு, "வேண்டுமென்றால் நீங்களே நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று போனது. முதல் குழுவில் 45 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள், இரண்டாவது குழுவில் 33 சதவீதம். இரண்டு குழுவுக்கும் கிடைத்த ஊசி ஒன்றுதான், இடமும் ஒன்றுதான், நேரத்தை யார் குறித்தார்கள் என்பது மட்டும்தான் வேறு. அடுத்த வருஷம் வந்த இன்னொரு ஆய்வு, ஊழியர்களுக்கு இலவச முகாம் நடத்திய ஒரு பெரிய நிறுவனத்தில் நடந்தது. நினைவூட்டல் கடிதத்தில் "நான் போகும் தேதியும் மணியும்" என்று எழுத ஒரு கட்டம் கொடுத்தார்கள், அதற்கே சுமார் 4 சதவீதப் புள்ளி கூடியது. தேதி மட்டும் எழுதச் சொன்ன கடிதத்துக்கு அந்த அளவு பலன் இல்லை, மணியும் சேர்ந்தால்தான் கால் நகர்கிறது.

ஆக, டாக்டரிடமே போவது என்று முடிவு செய்திருந்தால் இந்த வரியைப் படித்து முடித்ததும் போன் போட்டு நேரம் வாங்கிவிடுங்கள். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பது உங்கள் பதில் என்றால், நீங்கள் உண்மையில் நான்காவது வழியைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

மருந்து ஒன்றுதானா என்பது அடுத்த சந்தேகம். மொத்தமாக வாங்குகிறார்கள், மலிவானதாகப் பார்த்துப் போட்டுவிடுவார்கள் என்று தேநீர் இடைவேளையில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். ஃப்ளூ தடுப்பூசியில் எந்தெந்த வைரஸ் வகை இருக்க வேண்டும் என்பதைக் கம்பெனியோ மருந்து விற்பவரோ முடிவு செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை நிபுணர்களைக் கூட்டி, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் பரிந்துரை செய்கிறது. அந்தப் பரிந்துரையை ஒட்டித்தான் எல்லாத் தயாரிப்பாளர்களும் செய்கிறார்கள். சாதாரண ஊசியில் ஒவ்வொரு வகைக்கும் 15 மைக்ரோகிராம் என்பதும் வழக்கமான அளவு. டாக்டரின் பிரிட்ஜில் இருப்பதும் முகாமுக்குக் குளிர்பெட்டியில் வருவதும் பெரும்பாலும் ஒரே சரக்குதான்.

அப்புறம் இந்த மூன்று வகையா நான்கு வகையா என்ற குழப்பம். சில வருஷங்களுக்கு முன்பு நான்கு வகை உள்ள ஊசிதான் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள், இப்போது முகாமில் மூன்று வகை உள்ளதைப் போட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றுவது இயல்பு. அது ஏமாற்று இல்லை. நான்காவதாக இருந்தது பி வகையில் யாமகாட்டா என்ற பிரிவு. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது உலகத்தில் எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால் 2023 செப்டம்பரிலேயே அது இனித் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இல்லாத வைரஸுக்கு ஊசி எதற்கு?

முகாமில் உண்மையாகவே கவனிக்க வேண்டியவை வேறு. ஃப்ளூ ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை வைத்திருக்க வேண்டும், உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். எனவே பெட்டியில் மருந்து ஐஸ்கட்டியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தால் கேளுங்கள். தயாரிப்பிலேயே நிரப்பி வரும் சிரிஞ்சு என்றால் நல்லது, பெரிய குப்பியிலிருந்து எடுப்பதாக இருந்தால் உங்கள் முறை வரும்போது எடுக்க வேண்டும். காலையிலேயே தட்டு நிறைய இழுத்து அடுக்கி வைத்திருப்பது நல்ல பழக்கம் இல்லை. கடுமையான ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் மருந்து கைவசம் இருக்கிறதா என்றும் கேட்கலாம், தப்பே இல்லை. கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு என்ற அளவில்தான் வரும், ஆனால் வந்தால் நிமிஷக் கணக்கில் மருந்து வேண்டும். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற முகாம் என்றால் வேறு இடம் பார்ப்பது மேல். ஒழுங்காக நடத்துபவர்கள் பெட்டியைத் திறந்தே காட்டுவார்கள்.

சட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். ஆபீஸ் முகாம் என்றால் கை இறுக்கமான முழுக்கைச் சட்டையோடு வரிசையில் நிற்கிறோம், சுருட்டினால் முழங்கைக்கு மேல் ஏறாது, உடனே கழுத்துப் பக்கம் இழுத்துத் தோளைக் காட்டுகிறோம். அவசரத்தில் நர்ஸ் நின்றபடி குத்தினால் ஊசி தோள் தசையில் இறங்காமல் மேலே, தோள்மூட்டுப் பக்கம் போய்விட வாய்ப்பிருக்கிறது. அப்படிப் போனால் இரண்டு நாள் வலியோடு விடாது, கையைத் தூக்க முடியாமல் மாதக் கணக்கில் படுத்தும். அபூர்வம்தான், ஆனால் முழுக்கத் தவிர்க்கக்கூடியது. தோள்வரை ஏறும் கை உள்ள உடை, நீங்களும் உட்கார்ந்து, போடுபவரும் உட்கார்ந்து, தோள் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே. கிளினிக்கில் இதற்கெல்லாம் நேரம் இருக்கும், முகாமில் வரிசை நீளும்போது நாமேதான் நிதானப்படுத்த வேண்டும்.

டாக்டரிடமே போக வேண்டியவர்கள் யார் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 65 வயதைத் தாண்டியும் வேலை பார்ப்பவர்கள் முதலில். அந்த வயதில் உடம்பு சாதாரண ஊசிக்கு அவ்வளவாகப் பதில் சொல்லாது என்பதால் ஒவ்வொரு வகைக்கும் 60 மைக்ரோகிராம், அதாவது நான்கு மடங்கு உள்ள ஊசியும், எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த ஊசியும் தனியாக இருக்கின்றன. ஆபீஸ் முகாமுக்கு வழக்கமாக ஒரே ஒரு வகைதான் கொண்டுவருவார்கள், அது இவர்களுக்கானதாக இருக்காது. அவை எங்கும் கிடைக்கவில்லை என்றால் சாதாரணமானதைப் போட்டுக்கொள்வது ஒன்றும் போடாமல் இருப்பதைவிட நல்லது, ஆனால் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன்-பாரே என்ற நரம்புப் பாதிப்பு முன்பு வந்திருந்தால் முகாம் பக்கமே போகாதீர்கள், டாக்டரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். முன்பு போட்ட ஃப்ளூ ஊசிக்கே மூச்சுத்திணறல் மாதிரி கடுமையான ஒவ்வாமை வந்தவர்களுக்கும் அதேதான். புற்றுநோய் சிகிச்சையிலோ எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்திலோ இருப்பவர்களுக்கு ஊசி வேண்டாம் என்பதில்லை, மிகவும் வேண்டும். எந்த வாரத்தில் போட்டால் பலிக்கும் என்பதை அந்த மருந்தைக் கொடுக்கிறவர்தான் சொல்ல முடியும். முட்டை ஒவ்வாமை மட்டும் இருக்கிறது என்றால் கவலைப்பட வேண்டாம். பல வருஷம் அதைப் பெரிதாகப் பேசினார்கள், இப்போது அதற்காகத் தனி ஏற்பாடு தேவையில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லிவிட்டது. முகாமில் பழைய படிவத்தை வைத்துக்கொண்டு உங்களைத் திருப்பி அனுப்பினால், அது அவர்கள் படிவத்தின் வயசு.

கர்ப்பிணிகள் நடுவில் வருகிறார்கள். செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன ஊசியை எந்த மாதத்திலும் போடலாம், போட வேண்டும் என்பதுதான் பரிந்துரை. பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாதம்வரை ஃப்ளூ ஊசி போட முடியாது என்பதால் தாயிடமிருந்து போகும் எதிர்ப்புதான் அதற்கு முதல் காவல். முகாமில் போட்டால் தப்பில்லை. ஆனால் பல முகாம்களில் கர்ப்பம் என்றதும் பயந்து மறுப்பார்கள். அதோடு, ஆபீஸில் இன்னும் சொல்லாத விஷயத்தை வரிசையில் நின்று படிவத்தில் எழுத வேண்டி வரும். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் எப்படியும் மாதாமாதம் போகிறீர்கள், அங்கேயே கேட்டுவிடலாம். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வகை உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ். அது கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் கூடாது.

ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிறவர்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் போகலாம், இல்லை முகாமில் படுத்துக்கொண்டு போட்டுக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லலாம். கண்ணாடிச் சுவர் போட்ட கூட்ட அறையில், வெளியே வரிசையில் நிற்கும் சக ஊழியர்கள் பார்க்க, கீழே சரிவது யாருக்கும் பிடிக்காது. மயக்கம் வராதவர்களும் போட்டபின் 15 நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். மீட்டிங் இருக்கிறது என்று எழுந்து ஓடுவதைத்தான் முகாமில் அதிகம் பார்க்கலாம்.

அந்தரங்கம் பற்றிய பயம் நியாயமானது. படிவத்தில் என்ன நோய், என்ன மருந்து, கர்ப்பமா என்றெல்லாம் கேட்பார்கள். அந்தத் தாள் ஊசி போடுகிற நர்ஸின் கைக்குப் போக வேண்டுமே ஒழிய எச்ஆர் மேஜைக்கு இல்லை. நல்ல ஏற்பாட்டில் வெளியிலிருந்து வரும் மருத்துவக் குழுவே படிவத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், நிறுவனத்துக்கு மொத்தம் எத்தனை பேர் போட்டார்கள் என்ற எண் மட்டும் போகும். ஒப்புதல் தாளில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும், கையெழுத்துக்கு முன் அதைத் தேடிப் படியுங்கள். படிவத்தை மின்னஞ்சலில் எச்ஆருக்கு அனுப்பச் சொன்னால், நேரில் நர்ஸிடம் தருகிறேன் என்று சொல்லிவிடலாம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் குழுவாரியாகப் பெயர்ப்பட்டியல் ஒட்டி, போட்டவர்களுக்கு டிக் போட்டு, முழுக்க டிக் விழுந்த குழுவுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். டிக் இல்லாத பெயருக்குப் பின்னால் என்ன காரணம் இருக்கும் என்று எல்லோரும் யோசிக்கத்தானே செய்வார்கள்! இப்படி நடக்கிற இடத்தில், சொல்ல விரும்பாத உடல்நிலை ஏதாவது இருந்தால் வெளியே போட்டுக்கொண்டு, "போட்டாகிவிட்டது" என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மருந்தாளர் ஊசி போட அனுமதி உள்ள நாட்டில் இருந்தால் அது நல்ல இரண்டாவது வழி. மாலையிலும் வார இறுதியிலும் திறந்திருக்கும், சில இடத்தில் வயதானவர்களுக்கான ஊசியும் இருக்கும். உங்கள் பழைய உடல்நிலை அவர்களுக்குத் தெரியாது, கேட்பதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் எல்லாம். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கும் இதுதான் தோது, ஏனென்றால் முகாம் எப்போதும் பகல் ஷிப்ட் ஆட்களை நினைத்தே நடக்கும்.

காலம் பற்றித்தான் முகாம் பெரும்பாலும் சறுக்குகிறது. போட்ட பிறகு எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும், அது சில மாதங்களில் மெல்லக் குறையவும் செய்யும். வட அரைக்கோளத்தின் குளிர் நாடுகளில் செப்டம்பர், அக்டோபர்தான் சரியான நேரம். தெற்கில் அவர்களுடைய குளிர்காலத்துக்கு முன்னால். நிலநடுக்கோட்டுப் பக்கம் உள்ள நாடுகளில் வருஷம் முழுக்கவும், மழைக்காலத்தில் கூடுதலாகவும் ஃப்ளூ சுற்றுவதால் அந்த நாட்டு சுகாதாரத் துறை சொல்கிற மாதத்தைப் பார்க்க வேண்டும். முகாம் தேதியை வைப்பதோ ஆபீஸ் காலண்டரும் ஊசி போடும் ஏஜென்சியின் வசதியும். ஒன்றிரண்டு வாரம் முன்பின் என்றால் காத்திருந்து ஆபீஸிலேயே போடுங்கள். சுற்றிலும் காய்ச்சல் ஆரம்பித்துவிட்டது, முகாமுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றால் காத்திருக்காமல் வெளியே போட்டுவிடுங்கள்.

போடாமல் விடுவது என்ற வழியையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஃப்ளூ ஊசி அம்மையைத் தடுக்கிற ஊசி மாதிரி கெட்டியான சுவர் கிடையாது. ஊசியில் உள்ள வைரஸ் வகை வெளியே சுற்றும் வைரஸோடு நன்றாகப் பொருந்திய வருஷத்தில்கூட, டாக்டரிடம் போகிற அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, ஆரோக்கியமான பெரியவர்களில் ஒரு சீசனில் ஃப்ளூ வருபவர்கள் ஊசி இல்லாமல் 2.3 சதவீதம், ஊசியோடு 0.9 சதவீதம். ஒருவருக்கு ஃப்ளூ வராமல் தடுக்க 71 பேருக்குப் போட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வேலைக்குப் போகிறவர்களை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 1995இல் வந்த ஒன்று, மேல்சுவாச நோயால் எடுக்கும் விடுப்பு 43 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. 2000இல் வந்த இன்னொன்று இரண்டு சீசனைப் பார்த்து, பொருத்தம் சரியில்லாத முதல் வருஷத்தில் காய்ச்சலும் விடுப்பும் குறையவே இல்லை, நன்றாகப் பொருந்திய அடுத்த வருஷத்தில் கண்கூடாகக் குறைந்தது என்றது.

அதனால் தனியாக வாழும், வீட்டிலிருந்தே வேலை செய்யும், முப்பது வயது ஆரோக்கியமான ஆள் இந்த வருஷம் வேண்டாம் என்றால் அவரிடம் நான் சண்டை பிடிக்க மாட்டேன். நானாக இருந்தால் போட்டுக்கொள்வேன், இரண்டு நாள் கைவலிக்குப் பதிலாக ஒரு வாரப் படுக்கையைத் தவிர்க்க முடிந்தால் எனக்கு அது லாபம்தான். "ஊசி போட்டதால்தான் ஃப்ளூ வந்தது" என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். அந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஒரு நாள் உடம்பு வலியும் லேசான காய்ச்சலும் வரலாம், அல்லது எதிர்ப்பு உருவாகும் முன் அந்த இரண்டு வாரத்தில் எங்கேயோ தொற்றியிருக்கலாம். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ அடுத்தவருக்குப் பரவும் என்பதால், திறந்த ஹாலில் தோளோடு தோளாக உட்காருகிறவர் "உடம்பு சரியில்லை என்றால் வரமாட்டேன்" என்று சொல்வதில் பாதிதான் பாதுகாப்பு.

முகாமில் போட்டவர்கள் மறக்கிற ஒன்று சீட்டு. தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண் மூன்றும் எழுதிய தாளை வாங்கி, போட்டோ எடுத்து, உங்கள் டாக்டருக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து வேறு எதற்காகவோ போகும்போது "ஃப்ளூ ஊசி போட்டீர்களா, எது?" என்பதற்குத் தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, அழைப்பு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். காவலாளி, துப்புரவுப் பணியாளர், கேன்டீன்காரர், ஒப்பந்த ஆட்கள் பெரும்பாலும் எச்ஆரின் மின்னஞ்சல் பட்டியலில் இருப்பதில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாதவர்களும், விடுப்பு எடுத்தால் சம்பளம் போகிறவர்களும் அவர்கள்தான். அதே கட்டடத்தில் அதே காற்றைத்தான் அவர்களும் சுவாசிக்கிறார்கள். பதிவு செய்யும்போது, இவர்களும் சேர்த்திதானே என்று பதில் மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டால் சில நேரம் அதிலேயே காரியம் நடந்துவிடும்.

வீட்டில் குழந்தைகளோ வயதான பெற்றோரோ இருந்தால் என் முதல் கணக்கே மாறிவிடும். ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் முறையாக ஃப்ளூ ஊசி போடுகிறீர்கள் என்றால் குறைந்தது நான்கு வாரம் இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும், ஒருநாள் முகாமில் அது நடக்காது. பெற்றோருக்கு அந்த நான்கு மடங்கு ஊசி வேண்டியிருக்கும். எப்படியும் அவர்களை அழைத்துக்கொண்டு கிளினிக் படி ஏறத்தான் போகிறீர்கள். அப்படியானால் ஆபீஸ் பட்டியலில் உங்கள் பெயரைக் கொடுக்காமல், கிளினிக்கில் குழந்தையின் முதல் தவணைக்கு நேரம் வாங்கும்போதே மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் வாங்கிவிடுங்கள், இரண்டாவது தவணையின் தேதியையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு.